வாசித்ததாகக் கொள்ளப்பட்ட கட்டுரை

திருநெல்வேலியில் ஆற்றை ஒட்டியிருக்கிற அந்தக் கல்லூரியின் தமிழ்த்துறை எந்தக் கருத்தரங்கம் நடத்தினாலும் அதில் நிலோஃபரின் கட்டுரை ஒன்று உண்டு. ஆனால் அதை யாரும் கேட்டதில்லை. முதலில் பேச வருபவர் அரைமணி நேரத்தை ஒன்றரை மணியாக்குவார். அடுத்தவர் முதலாமவரைப் பாராட்டியே தன் நேரத்தைத் தீர்ப்பார். சாம்பார் வாசனை அரங்குக்குள் நுழைகிற சமயம் பார்த்துத் துறைத்தலைவர் திருஞானசம்பந்தம் எழுந்து, "நேரமின்மை காரணமாக முனைவர் நிலோஃபர் அவர்களின் கட்டுரை வாசித்ததாகக் கொள்ளப்படும்" என்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். வாசித்த கட்டுரைகளுக்குக் கிடைத்ததைவிடப் பலமான கைதட்டலாக அது இருக்கும்.

நிலோஃபர் அந்த நேரம் அரங்கத்திலேயே இருக்கமாட்டாள். பந்தியில் இலை போதுமா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். வேலைக்குச் சேர்ந்த வருஷம் யாரோ, "நிலோஃபர் இருந்தா எல்லாம் கரெக்டா நடக்கும்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. சிறப்பு விருந்தினருக்குப் பூண்டு ஆகுமா, பொன்னாடை எத்தனை, குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றியாயிற்றா, பேச்சை நிறுத்தாதவருக்குத் துண்டுச்சீட்டு கொண்டுபோவது யார், எல்லாம் அவள் தலையில்தான்.

முனைவர் பட்டத்துக்கு அவள் ஆராய்ந்தது வேற்றுமை உருபுகளை. அது நெறியாளர் பார்த்து முடித்து வைத்த சம்பந்தம். அவளாக ஆசைப்பட்டது ஒன்று இருந்தது: பஸ் நிறுத்தங்களின் பெயர்கள். மேலப்பாளையத்திலிருந்து திருச்செந்தூர்ப் பக்கம் தினமும் பஸ்ஸில் போய்ப் படித்தவள். கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தமாகக் கூவும்போது, இந்த இடத்துக்கு ஏன் இந்தப் பேர் என்று யோசிக்க ஆரம்பித்தது, படிப்பு முடிந்து, கல்யாணமாகி, கணவன் ஹசன் அலி ஷார்ஜாவில் செல்போன் கடைக்குப் போன பிறகும் விடவில்லை. விடுமுறை நாட்களில் பஸ் ஏறிப்போய்க் கண்டக்டர்களிடமும் டீக்கடைக்காரர்களிடமும் விசாரித்துவிட்டு வருவாள். திருஞானசம்பந்தத்துக்கு அதில் மதிப்பில்லை. "பேருந்தில் பண்பாடு ஏதம்மா? பயணச்சீட்டுத்தானே உண்டு" என்பார்.

திருஞானசம்பந்தம் பேசுவதெல்லாம் எழுத்துத் தமிழ்தான். டீக்கடையில்கூட "சர்க்கரை குறைவாக ஒரு தேநீர்" என்று கேட்பவர். அவர் ஓய்வு பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் தன் பெயர் சொல்ல ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கம் நடத்திவிட வேண்டும் என்று ஒரு வருஷமாக உழைத்தார். 'தாமிரபரணிக் கரைப் பண்பாடு' என்று தலைப்பு. கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியர் வருவதாக ஒப்புக்கொண்டார். கூடவே திருஞானசம்பந்தத்தின் சிங்கப்பூர் மருமகனும் பேசுவதாக இருந்ததால் அது பன்னாட்டு ஆனது.

கருத்தரங்கத்துக்கு முந்தின நாள் காலையிலிருந்து மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. அணையைத் திறந்துவிட்டார்கள். ஆறு படித்துறைகளை விழுங்கிவிட்டு மேலே ஏறியது. ஆற்றோரத் தெருக்காரர்களைக் கொண்டுவந்து தங்கவைக்க அதிகாரிகள் கல்லூரி அரங்கத்தின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். செய்தி கேட்டுத் திருஞானசம்பந்தம் குடையோடு ஓடினார். நிலோஃபர் அவருக்கு முன்னாலேயே அங்கே நின்றாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. அவர் நடத்திய எந்த விழாவுக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டுக் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்திருந்தார்கள். பேச்சாளர் நிற்கும் மேசையின் காலில் ஒரு வெள்ளாடு கட்டிக் கிடந்தது. மேடையின் பின்னால் கட்டியிருந்த பெரிய பதாகையின் மேல் ஒரு பெண் ஈரச்சேலைகளை விரித்துக் காயப்போட்டிருந்தாள். சேலைகளுக்கு மேலே 'தாமிரபரணி' என்பதும், கீழே 'அனைவரும் வருக' என்பதும்தான் மிச்சம் தெரிந்தன.

திருஞானசம்பந்தம் அந்தப் பெண்ணிடம் போனார். அவள் பெயர் சாரம்மாள்.

"அம்மையீர், இது பன்னாட்டுக் கருத்தரங்கத்துக்கான மேடை."

"எந்த நாட்டு மேடையா இருந்தா என்ன சார், கயிறு நல்லா கெட்டியா இருக்கு" என்றாள் சாரம்மாள். "சேல காஞ்சதும் எடுத்துருதேன். அந்த ஆட்டுக்கிட்ட மட்டும் பைய நடங்க. முட்டும்."

கருத்தரங்கத்தைத் தள்ளிவைக்க அவருக்கு மனமில்லை. தள்ளிவைத்தால் அடுத்து வரும் தலைவர் அதைத் தன் பெயரில் நடத்திக்கொள்வார். கணினித்துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த கிரேஸ்தான் வழி சொன்னாள். ஆறு கடலில் சேருகிற புன்னக்காயல்காரி அவள். விடுதிப் பொறுப்பிலும் இருந்ததால் கல்லூரி வளாகத்திலேயே தங்கியிருந்தாள்.

"ஆன்லைன்ல வச்சிருவோம் சார். இங்கன ஜெனரேட்டர் ஓடுது. நான் லிங்க் போட்டு நடத்துதேன். நீங்க எல்லாரும் வீட்டுலருந்தே பேசலாம்."

திருஞானசம்பந்தம் நெடுநேரம் ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி. இணையவழியே ஆகுக" என்றார் கடைசியில். "ஆனால் அழைப்பிதழில் அச்சிட்டபடி அனைத்தும் நடக்க வேண்டும். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, பொன்னாடை, மதிய உணவு."

"மதிய உணவா?" என்றாள் நிலோஃபர்.

"அச்சிட்டிருக்கிறதே அம்மா."

சமையல்காரர் அதற்குள் காய் வாங்கி வைத்துவிட்டார். நிலோஃபர் யோசித்தாள். "சார், சாப்பாடு இங்கனயே நடக்கட்டும். இங்க இருக்கவங்களுக்குப் போடுவோம்."

"அது பங்கேற்பாளர்களுக்கான உணவு."

"அப்ப இவங்களும் பங்கேக்கட்டும். கிரேஸ் திரை போட்டு ஓடவிடட்டும். சும்மாதான உக்காந்திருக்காங்க."

அரங்கம் நிறைந்த பார்வையாளர்கள் என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம் என்பது திருஞானசம்பந்தத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சம்மதித்தார்.

பொன்னாடைதான் பெரிய பாடாக இருந்தது. திரைக்குள் இருக்கிறவருக்கு எப்படிப் போர்த்துவது? அவரவர் வீட்டில் இருப்பவர்களே போர்த்திவிட வேண்டும் என்று முடிவானது. நிலோஃபர் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டாள். தொடக்கவுரை ஆற்ற வேண்டியவர் கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் சுப்பராமன். போனை எடுத்தது அவர் மனைவி பாலாம்பாள்.

"பொன்னாடையா? நம்மாத்துல அதுக்குப் பஞ்சமே இல்லைம்மா. பீரோ ரெண்டு தட்டு அதுதான். ஃப்ரிட்ஜுக்கு ஒண்ணு, மிக்ஸிக்கு ஒண்ணு போர்த்தி வச்சிருக்கேன். எதை எடுக்கட்டும்?"

"நல்லா பளபளன்னு இருக்கதா ஒண்ணு மாமி."

"அப்போ மிக்ஸியோடதுதான் நன்னாருக்கும். எப்போ போர்த்தணும்?"

"நான் போன் பண்ணுவேன். பண்ணுன உடனே போத்திருங்க."

மறுநாள் காலை மழை கொஞ்சம் தணிந்திருந்தது. நிலோஃபர் மேலப்பாளையத்தில் தன் வீட்டு முன்னறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளிக் கட்டிலில் மாமியார் ஆபிதா பீவி. திரையில் ஆண்கள் முகம் வரிசையாக வந்ததும் அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஏளா, அவ்வொளுக்கு நம்மளத் தெரியுதா?"

"இல்ல மாமி. கேமராவ அடச்சிருக்கேன்."

"அப்ப நமக்கு மட்டும் அவ்வொளத் தெரியுது. நல்லாத்தான் இருக்கு" என்று திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

திருஞானசம்பந்தம் பாளையங்கோட்டையில் தன் வீட்டுக் கூடத்தில் பட்டு வேட்டியும் சட்டையுமாக நின்றார். அவர் திருவிளக்கு ஏற்றும்போது எல்லோரும் அவரவர் இடத்தில் ஒரு விளக்கை ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவர் ஏற்றினார். தலைக்கு மேல் ஓடிய மின்விசிறி அணைத்தது. மறுபடி ஏற்றினார். மறுபடி அணைந்தது. "விசிறியை நிறுத்து" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். யாரோ நிறுத்தினார்கள். ஆனால் அணைந்தது கூடத்து விளக்கு. இருட்டில் தீக்குச்சி உரசும் சத்தம் மட்டும் உலகம் முழுக்கக் கேட்டது. ஆபிதா பீவி எழுந்து போய் எமர்ஜென்சி லைட்டை எடுத்துவந்து மடிக்கணினி பக்கத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினார்.

"இதுவும் வெளக்குதான? நம்ம வீட்டு வெளக்கு எரிஞ்சிட்டுன்னு அவ்வொகிட்ட சொல்லிரு."

தொடக்கவுரை ஆரம்பித்தது. சுப்பராமன் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர். மூடினால் முடிக்கும்வரை திறக்கமாட்டார். அரங்கமாக இருந்தால் நிலோஃபர் துண்டுச்சீட்டோடு போய் அவர் முழங்கையைத் தொடுவாள். இப்போது தொட ஆள் இல்லை. பொதிகை மலையில் ஆறு பிறக்கிற இடத்தில் தொடங்கியவர், பாபநாசம் வந்து சேரவே வெகுநேரமாகிவிட்டது. கிரேஸ் எழுதி எழுதிப் போட்டாள். அவர் பார்த்தால்தானே? இப்படியே போனால் ஆறு கடலுக்குப் போய்ச் சேர சாயங்காலம் ஆகிவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

திருஞானசம்பந்தம் நிலோஃபரைப் போனில் அழைத்தார். "எப்படியாவது நிறுத்துங்கள் அம்மா."

நிலோஃபர் பாலாம்பாளை அழைத்தாள். "மாமி, இப்பப் போத்திருங்க."

"இன்னும் பேசிண்டிருக்காரே?"

"பரவாயில்ல மாமி. போத்துங்க."

திரையில் ஒரு ஓரத்திலிருந்து பாலாம்பாளின் கை வந்தது. ஜரிகை மின்னும் மிக்ஸிச் சால்வை சுப்பராமன் தோளில் விழுந்தது. நாற்பது வருஷப் பழக்கம். பொன்னாடை தோளில் பட்டால் பேச்சு முடிந்தது என்று அந்த உடம்புக்குத் தெரியும். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தவர் அப்படியே கைகூப்பி, "வாய்ப்புக்கு நன்றி கூறி அமர்கிறேன்" என்றார். ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்து, "நீ எப்போடி வந்தே?" என்றது எல்லோருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு வரிசையாகச் சறுக்கியது. அடுத்துப் பேச வேண்டியவர் ஊரில் மின்சாரம் போய்விட்டது. அதற்கடுத்தவர் பேசினார், ஆனால் அவர் வீட்டுக் கூரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிறகு கூரையும் போனது. சிங்கப்பூர் மருமகனுக்கு அலுவலகத்தில் அவசர வேலை. கொழும்புப் பேராசிரியர் மட்டும் பேசினார், அவரும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே முடித்துவிட்டார். நேரம் ஏராளமாகக் கிடந்தது. பேசத்தான் ஆளில்லை. ஆனாலும் பழக்கதோஷம் விடுமா? திருஞானசம்பந்தம் எழுந்து நின்றார், தொண்டையைச் செருமினார்.

"நேரமின்மை காரணமாக முனைவர் நிலோஃபர் அவர்களின் கட்டுரை வாசி..."

அத்தோடு நின்றுவிட்டது. வாய் திறந்தபடி, ஒரு கை தூக்கியபடி, திரையில் சிலையாக உறைந்துவிட்டார். பாளையங்கோட்டையில் நெட் போய்விட்டது.

பிறகு கிரேஸின் குரல் கேட்டது. "மேடம், சார் 'வாசி'ன்னு சொல்லிட்டாங்க. வாசிங்க."

"அவங்க அதச் சொல்ல வரல கிரேஸ்..."

"எங்களுக்குக் கேட்டது அதுதான் மேடம்."

நிலோஃபர் மற்றவர்கள் பேச வழி செய்துகொடுத்தே பழகியவள். தன் முறை வந்தால் என்ன செய்வது என்று யோசித்ததே இல்லை. கேமராவைத் திறந்தாள். தன் முகம் திரையில் பெரிதாக வந்ததும் பயந்துபோய், தாளில் இருந்த முதல் வரியைப் படித்தாள்: "இடப்பெயராய்வு என்பது பண்பாட்டு வரலாற்றின் இன்றியமையாக் கூறாகும்." அது அவளுக்கே அலுப்பாக இருந்தது. தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் பஸ்ல போன கதையைச் சொல்லுதேன்" என்றாள்.

ஒற்றைப்பனை என்ற நிறுத்தத்தில் பனையே இல்லாததையும், ஆற்றின்மேல் உள்ள பாலங்களிலேயே பழசுக்குப் புதுப்பாலம் என்று பேர் இருப்பதையும், முதல் கேட் எங்கேயென்று யாருக்கும் தெரியாத ரெண்டாம் கேட்டையும் சொன்னாள். கண்டக்டர்கள் சொன்ன விளக்கங்களை அவர்கள் குரலிலேயே சொன்னாள். கொழும்புப் பேராசிரியர் சிரித்துவிட்டு மியூட்டில் இல்லை என்று தெரிந்து மன்னிப்புக் கேட்டார். 'ஹசன் மொபைல்ஸ்' என்ற பெயரில் ஷார்ஜாவிலிருந்து ஒருவர் கைதட்டும் படமாக அனுப்பிக்கொண்டே இருந்தார். நிலோஃபர் அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

"திருச்செந்தூர் ரோட்டுல ஒரு நிறுத்தத்துக்குப் பேரு சம்பந்தி இறக்கம்" என்று கடைசியாக வந்தாள். "ஒரு கல்யாணம் முடிஞ்சு வரும்போது, சம்பந்தி வீட்டார் கோவிச்சுக்கிட்டு நடுவழில பஸ்ஸ நிறுத்தி எறங்கிட்டாங்களாம். எந்தக் குடும்பம், என்ன கோவம்னு மட்டும் இதுவரைக்கும் கண்டுபிடிக்க முடியல."

அவள் வாய் மூடவில்லை, அதற்குள் சுப்பராமன் கண்ணைத் திறந்துகொண்டு நிமிர்ந்தார். "கண்டுபிடிக்க என்ன இருக்கு? அது எங்க சித்தப்பா. கல்யாணத்துல காப்பி ஆறிப்போச்சுன்னு கோபம்."

"காப்பி ஆறலை. சூடாத்தான் இருந்தது. உங்க சித்தப்பாவுக்கு வாய் ஜாஸ்தி" என்றது பின்னாலிருந்து பாலாம்பாளின் குரல்.

ஆபிதா பீவிக்குப் பொறுக்கவில்லை. கட்டிலிலிருந்து எழுந்து வந்து மருமகளின் தோளுக்கு மேலே தலையை நீட்டினார். முக்காடு சரிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. "ஏளா, யாரு அது? அது எங்க பெரியவாப்பா மவ கல்யாணமில்லா? விருந்துல கறி பத்தலன்னு மாப்ள வீட்டாளுவ எறங்குனாவ. எங்க உம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ!"

அரங்கத்தில் பெரிய கூச்சல். கிரேஸின் மைக்கை யாரோ பிடுங்கியிருந்தார்கள். சாரம்மாள்தான்.

"டீச்சரம்மா, காப்பியும் இல்ல, கறியும் இல்ல. அது எங்க சின்னம்ம கல்யாணம். சன்னலோர சீட்டு யாருக்குன்னு சண்ட. எறங்குனது எங்க மாமா. நடந்தே வீடு வந்து சேந்தாவ. இவங்கல்லாம் எங்க கதையத் தூக்கிட்டுப் போறாங்க!"

"எங்க ஊர்ல அது சம்பந்தி இறக்கமே இல்ல மேடம், வேற பேரு" என்று கிரேஸ் தொடங்கியதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆளாளுக்கு மியூட்டை எடுத்துவிட்டார்கள். கூரை மட்டும் தெரிந்த பேராசிரியர் எப்படியோ திரும்ப வந்து தன் பங்குக்கு ஒரு சம்பந்தியைக் கொண்டுவந்தார். கொழும்புக்காரர் யார் எந்தக் கட்சி என்று கிரேஸிடம் எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆடு வேறு கத்தியது.

இந்த நேரத்தில் திருஞானசம்பந்தம் செல்போன் வழியாக உள்ளே வந்தார். வந்ததும் அவர் கேட்டது மொத்தக் கருத்தரங்கமும் சண்டை போடுகிற சத்தத்தை.

"அமைதி! அமைதி! என்ன நேர்ந்தது? நிலோஃபர் அம்மா, இது யாது குழப்பம்?"

"சார், சம்பந்தி இறக்கத்துல எறங்குனது யாருன்னு..."

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டிராத ஒரு குரல் திருஞானசம்பந்தத்திடமிருந்து வந்தது.

"ஏலே, அந்த பஸ்ஸுல நான் இருந்தேன்வே!"

எல்லோரும் அடங்கினார்கள்.

"அரைட்ராயர் போட்ட பய நான். எங்க அம்மை மடியில இருந்தேன். கோவமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. டயர் பஞ்சரு. எல்லாரையும் எறக்கிவிட்டுட்டான். பசி தாங்கல. சம்பந்தி வீட்டாளுவ தூக்குச்சட்டியத் தெறந்து எல்லாருக்கும் புளியோதரை குடுத்தாவ. எனக்கு ரெண்டு தரம் வச்சாவ. நல்ல மனுசங்கவே அவங்க! அவங்களப் போயி கோவிச்சுக்கிட்டாங்கன்னு சொல்லுதீயளே!"

நேரில் பார்த்த சாட்சி. ஆனால் யாருக்கும் அது பிடிக்கவில்லை. "பஞ்சரா?" என்றார் சுப்பராமன், காப்பி ஆறிப்போன முகத்தோடு. "அது வேற பஸ்ஸா இருக்கும்" என்றார் ஆபிதா பீவி. சாரம்மாள் மைக்கை விடவில்லை. "சார், நீங்க அப்பச் சின்னப்புள்ள. பெரியவங்க சண்ட ஒங்களுக்கு எங்க தெரியும்? சோறு குடுத்ததத்தான் பாத்திருப்பீய."

திருஞானசம்பந்தம் மறுபடி மறுபடி சத்தியம் பண்ணினார். ஒருவரும் நம்பவில்லை. நிலோஃபர் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் கட்டுரையில சேத்துக்கிடுதேன்" என்றாள். சாப்பாடு தயாராகிவிட்டது என்று சமையல்காரர் வந்து சொன்னதால்தான் விவாதம் ஓய்ந்தது. அரங்கத்தில் பந்தி ஆரம்பித்தது. வீடுகளில் இருந்த அறிஞர்கள் அப்பளம் நொறுங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மடிக்கணினியை மூடியதும் ஆபிதா பீவி மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கா நீ லீவு நாளெல்லாம் பஸ்ஸுல சுத்துன? ஊர்க்கததான? எங்கிட்டக் கேட்டிருந்தா வீட்டுலயே வச்சு எவ்வளவு சொல்லிருப்பேன்."

"நீங்க கேக்கவே இல்லையே மாமி, நான் என்ன செய்யுதேன்னு."

ஆபிதா பீவி எழுந்து போய்த் தேங்காய்ப்பால் கஞ்சியைச் சூடுபண்ணி, மருமகள் கேட்காமலேயே ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தார். "குடி. தொண்ட காஞ்சிருக்கும். ரொம்ப நேரம் பேசிட்ட" என்றார்.

ஆறு இறங்கியது. ஜனங்கள் வீடுகளுக்குத் திரும்பிச் சேறு அள்ளினார்கள். திருஞானசம்பந்தம் ஓய்வு பெற்றார். பிரிவுபசார விழாவில் எழுத்துத் தமிழில் பேசத் தொடங்கியவரிடம் பின்வரிசையிலிருந்து யாரோ, "பஞ்சர் கதையச் சொல்லுங்க சார்" என்றார்கள். சொன்னார், நெல்லைத் தமிழிலேயே சொன்னார். அன்றும் யாரும் நம்பவில்லை.

நிலோஃபருக்கு முன்பின் தெரியாதவர்களிடமிருந்தெல்லாம் போன் வந்தது. எங்கள் ஊர் நிறுத்தத்துக்கு ஒரு கதை உண்டு, வந்து கேளுங்கள் என்றார்கள். விடுப்பில் வந்த ஹசன் அலியைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டாள். திருச்செந்தூர் பஸ்ஸில் பக்தர்கள் கூட்டம். எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறாள். ஆனால் சம்பந்தி இறக்கத்தில் ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை. அன்று கண்டக்டர் கூவியதும், இருவரும் நெரிசலுக்குள் நீந்தி இறங்கினார்கள்.

அங்கே ஒன்றுமில்லை. உடைமுள் புதர், ஒரு நிழற்குடை, தூரத்தில் வாழைத்தோட்டம். நிழற்குடைக்குள் வாழைத்தார் ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். இவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு வீட்டுக்கு?"

"யார் வீட்டுக்கும் இல்ல அண்ணாச்சி. சும்மா எறங்குனோம்."

அவர் தலையை ஆட்டினார். ஹசன் அலியைப் பரிதாபமாகப் பார்த்தார். நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். பிறகு நிலோஃபரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பஸ்ஸுக்குள்ள வச்சு என்னம்மா சண்ட?"